அடக்க விலை கேட்ட மேயர்

டெட்ராய்ட் நகரின் நடுவே, உட்வர்ட் அவென்யூவை ஒட்டி, கிராண்ட் சர்கஸ் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு வெண்கல மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வழுக்கைத் தலை, பருத்த உடம்பு, தாடி. அந்த வழியாக எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன், யாரென்று பார்த்ததில்லை. ஒரு ஜனவரி மாலை நண்பருக்காகக் காத்திருந்தபோது, அவர் மடியில் பனி குவிந்து கிடந்தது. யாரோ ஒரு பாட்டி போகிற போக்கில் கையுறையால் அதைத் தட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

ஹேசன் எஸ். பிங்க்ரீ. போர்வீரர், நான்கு முறை டெட்ராய்ட் மேயர், இரண்டு முறை மிச்சிகன் கவர்னர். இந்த மாதிரி வரிகள் எந்தச் சிலையிலும் இருக்கும். அதற்கு அடுத்து வந்ததுதான் என்னை நிறுத்தியது. பலம் படைத்த தனியார் கம்பெனிகளால் வரக்கூடிய பேராபத்தைப் பற்றி மக்களை முதலில் எச்சரித்தவர் என்றும், வரி விதிப்பில் இருந்த அநியாயத்தை முதலில் உணர்ந்து சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் என்றும் செதுக்கியிருந்தார்கள். கார் கம்பெனிகளின் தலைநகரத்தில், 1904இல் வைத்த சிலையில், இப்படி ஒரு வாசகம்! அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்மேல் எனக்கு வந்த ஒட்டுதலுக்கு என் தொழிலும் ஒரு காரணம். கார் உதிரி பாகங்களுக்கு விலை மதிப்பிடுவது என் வேலை. ஒரு கதவுக் கைப்பிடியைக் கையில் கொடுத்தால், எவ்வளவு பிளாஸ்டிக், எந்திரத்தில் எத்தனை விநாடி, கழிவு எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று கூட்டி அடக்கம் என்ன என்று சொல்ல வேண்டும். சப்ளையர் கேட்கும் விலைக்கும் அந்த அடக்கத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பேச்சுவார்த்தை. பிங்க்ரீ மேயராக இருந்து செய்த வேலை ஏறக்குறைய முழுவதும் இதுதான். எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இதற்கு உண்மையில் ஆகிற செலவு என்ன?

அவர் பிறந்தது 1840இல், மெய்ன் மாநிலத்தில் டென்மார்க் என்ற சிற்றூரில். விவசாயக் குடும்பம். பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி சாக்கோ என்ற ஊரில் பஞ்சாலை வேலைக்குப் போனார். இருபது வயதில் மாசசூசெட்ஸில் ஹாப்கின்டன் என்ற ஊருக்குப் போய், ஒரு ஷூ பட்டறையில் தோல் வெட்டும் வேலையில் சேர்ந்தார்.

தோல் வெட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஷூ செய்யும் இடத்தில் காசு சேர்வதும் கரைவதும் வெட்டுகிறவன் கையில்தான். ஒரு முழுத் தோலை மேசையில் விரித்தால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். முள் கீறிய தழும்பு இருக்கும், பூச்சி கடித்த ஓட்டை இருக்கும். முன்பக்கத்துக்கு எந்த இடம், நாக்குக்கு எந்த இடம் என்று பார்த்து, அச்சுத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, நடுவில் விரல் அகலம் கூட வீணாகாமல் வெட்ட வேண்டும். நான்கு ஜோடி வரும் தோலில் மூன்றரைதான் வந்தால் முதலாளிக்கு நஷ்டம். இந்த வேலையை இளம் வயதில் கற்றவனுக்கு எதைப் பார்த்தாலும் அதில் எவ்வளவு கழிவு என்றுதான் முதலில் கண்ணில் படும். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

1862இல் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். 1864 மே மாதம் தெற்குப் படையின் மோஸ்பி என்ற தளபதியின் ஆட்களிடம் பிடிபட்டார். கொண்டுபோய் அடைத்த இடங்களில் ஒன்று ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில். சுமார் 45,000 கைதிகள் போன இடம் அது. பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் கிட்டத்தட்ட 13,000 பேர் அங்கேயே செத்தார்கள். பிங்க்ரீ பிழைத்தார். அந்த நவம்பரில் மில்லன் என்ற இன்னொரு முகாமில் கைதிப் பரிமாற்றத்துக்காகப் பெயர் வாசித்தபோது, வேறு ஒருவன் பெயருக்குக் குரல் கொடுத்து வெளியே வந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, மறுபடி படைக்கே போனார். தெற்குப் படைத்தலைவர் லீ அப்போமாட்டக்ஸ் என்ற இடத்தில் சரணடைந்தபோது பிங்க்ரீயும் அங்கே இருந்தார்.

சிறையில் கூட இருந்த மிச்சிகன்காரர்கள் சொல்லிக் கேட்ட ஊர் டெட்ராய்ட் என்பார்கள். போர் முடிந்ததும் அங்கே வந்து ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். 1866 டிசம்பரில் சார்லஸ் ஸ்மித் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, ஓய்ந்து கிடந்த ஒரு பட்டறையை 1,360 டாலருக்கு வாங்கினார். இருபது வருடத்தில் அங்கே எழுநூறு பேருக்கு மேல் வேலை செய்தார்கள், வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்கு வியாபாரம். 1887இல் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்தது. திரும்பக் கட்டினார். சரி, இதுவரைக்கும் உழைத்து முன்னேறிய ஒரு முதலாளியின் கதை. அந்தக் கால அமெரிக்காவில் இப்படிப் பலர் உண்டு.

1889இல் குடியரசுக் கட்சியின் பெரிய மனிதர்கள் மேயர் பதவிக்கு ஆள் தேடினார்கள். ஊழலில் ஊறிய நகராட்சியைச் சிக்கனமாக நடத்த ஒரு நல்ல வியாபாரி வேண்டும், நம் கிளப்பில் உட்காருகிறவராகவும் இருக்க வேண்டும். பிங்க்ரீ பொருத்தமாகத் தெரிந்தார். எனக்கு ஷூ செய்யத்தான் தெரியும், அரசியல் தெரியாது என்று முதலில் மறுத்தவர், பிறகு ஒத்துக்கொண்டார். ஐரிஷ்காரர்களின் மதுக்கடைக்குப் போய் அவர்களோடு விஸ்கி குடித்து ஓட்டுக் கேட்டார். ஜெர்மானியர், போலந்துக்காரர் தெருக்களுக்கும் போனார். ஜெயித்தார். 1890 ஜனவரியில் பதவி ஏற்றபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதுவரை அவர் எந்தப் புரட்சியும் பேசியவரல்ல. செலவைக் குறைக்க வந்த ஒரு முதலாளி, அவ்வளவுதான்.

முதலில் கை வைத்தது தெருக்களில். டெட்ராய்டின் தெருக்களில் பெரும்பாலும் தேவதாரு மரக்கட்டைகளைப் பதித்திருந்தார்கள். மழையில் ஊறி அழுகிப்போகும், சில நேரம் தீயும் பிடிக்கும். மறுபடி புதுக் கட்டை, மறுபடி கான்ட்ராக்ட். ஒழுங்காக அடித்தளம் போட்டு செங்கல்லும் தாரும் கொண்டு போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தார். தெருக்கள் மாறத் தொடங்கின. இது வரைக்கும் அவரைத் தேர்தலில் நிற்கவைத்த பெரிய மனிதர்களுக்கும் சந்தோஷம்தான்.

பிறகுதான் டிராம் வந்தது. அப்போது டெட்ராய்டில் டிராம் என்றால் குதிரை இழுப்பது. மற்ற நகரங்கள் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இங்கே தனியார் கம்பெனி மாறாமல் இருந்தது. கட்டணம் ஐந்து சென்ட். 1891 ஏப்ரலில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே அவர்கள் பக்கம் நின்றது, வண்டிகள்மேல் கல் விழுந்தது. ராணுவத்தைக் கூப்பிடச் சொல்லிக் கம்பெனி மேயரிடம் கேட்டது. அந்தக் காலத்தில் எந்த மேயரும் மறு யோசனை இல்லாமல் செய்கிற காரியம் அது. பிங்க்ரீ மறுத்துவிட்டார். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று நாளில் கம்பெனி இறங்கி வந்தது.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எழுநூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி அவர். இன்னொரு முதலாளியின் கஷ்டம் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் ஷூ வியாபாரத்தில் பக்கத்துக் கடைக்காரன் பத்து சென்ட் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். டிராம் கம்பெனிக்கு அந்தக் கவலையே இல்லை. தெரு ஊருடையது, தண்டவாளம் போட அனுமதி கொடுத்தது நகராட்சி, ஏறுகிறவனுக்கு வேறு வழி கிடையாது. இதே கதைதான் கேஸ் கம்பெனியிலும், தெருவிளக்கு மின்சாரத்திலும், ஊருக்குள்ளேயே சுங்கம் வசூலித்த தனியார் சாலைகளிலும். எல்லா இடத்திலும் அடக்கம் என்ன என்று கேட்டார். எல்லா இடத்திலும் கணக்கைக் காட்ட மறுத்தார்கள்.

கணக்குக் காட்டாதவனிடம் என்ன செய்வது? என் தொழிலில் இதற்கு ஒரே வழிதான்: இன்னொரு சப்ளையரைக் கொண்டுவா, இல்லாவிட்டால் நீயே செய்து பார். பிங்க்ரீ இரண்டையும் செய்தார். போட்டிக்கு ஒரு புது டிராம் கம்பெனியைக் கொண்டுவந்தார். 1895இல் அது 25 சென்டுக்கு எட்டு டிக்கெட் என்று ஓடத் தொடங்கியது. ஒரு பயணத்துக்கு மூன்று சென்டும் கொஞ்சமும். தெருவிளக்குக்கு நகராட்சியே சொந்தமாக மின் நிலையம் கட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அனுமதி வாங்கினார். அதுவும் 1895இல் எரிய ஆரம்பித்தது. கேஸ் விலையும் இறங்கியது. சுங்கச் சாவடிகளும் ஊருக்குள்ளிருந்து போயின.

கல்விக் குழுவில் லஞ்சம் வாங்குவதாகத் தெரிந்தபோது அவர் செய்ததைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1894 ஆகஸ்ட். குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் போலீஸை அழைத்துக்கொண்டு நுழைந்தார். உங்களில் சிலர் இன்று ராத்திரி ஜெயிலுக்குப் போகப் போகிறீர்கள், வேண்டாமென்றால் இப்போதே ராஜினாமா செய்யுங்கள் என்று சொன்னார். நான்கு பேர் அங்கேயே கைதானார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் இயக்குநராக இருந்த வங்கி அவரை வெளியே அனுப்பியது. சர்ச்சில் குடும்பத்துக்கென்று இருந்த இருக்கையும் போனது. நேற்று வரை சேர்ந்து சாப்பிட்டவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அவர் பேச்சைப் போட மறுத்தபோது, நகராட்சிக் கட்டடத்தில் பலகை வைத்து அதில் தன் அறிக்கைகளை ஒட்டினார். மக்கள் நின்று படித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல், சொத்தும் மரியாதையும் சேர்ந்த பிறகு, தன் கூட்டத்தை விட்டு ஒரு மனிதன் வெளியே வருவது எவ்வளவு கடினம்! வேலை செய்யும் இடத்தில் ஒரு மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டும்போது ஒரு கேள்வி கேட்கவே எனக்கு நாக்கு எழாது. அவரோ ஒவ்வொரு நாளும் கேட்டார், நான்கு தேர்தல் தாண்டியும் கேட்டார்.

இனி உருளைக்கிழங்கு. பிங்க்ரீயை அமெரிக்கா முழுவதும் அறிய வைத்தது அதுதான்.

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடின, ரயில் கம்பெனிகள் திவாலாயின. டெட்ராய்ட் அப்போது ரயில் பெட்டிகளும் அடுப்புகளும் செய்கிற ஊர். ரயில் படுத்ததும் பெட்டி செய்கிற தொழிற்சாலைகளும் படுத்தன. முதலில் வேலை போனது போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து கூலி வேலை பார்த்தவர்களுக்கு. நகராட்சியின் நிவாரண நிதி கரைந்தது. பிங்க்ரீ ஊரைச் சுற்றிப் பார்த்தார். விலை ஏறும் என்று வாங்கிப் போட்ட மனைகள் எங்கே பார்த்தாலும் புல் முளைத்துச் சும்மா கிடந்தன. ஒரு பக்கம் சும்மா கிடக்கும் நிலம், இன்னொரு பக்கம் சும்மா நிற்கும் கைகள். அந்த ஜனங்களில் பலர் சொந்த ஊரில் விவசாயம் பார்த்தவர்கள். தோல் வெட்டியவர் கண்ணுக்கு அது கழிவாகத்தான் தெரிந்திருக்கும்.

1894இல் நிலச் சொந்தக்காரர்களிடம் மனைகளைக் கொஞ்ச காலத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். உழவுக்கும் விதைக்கும் காசு வேண்டும். சர்ச்சுகளில் வசூல் செய்யச் சொன்னார். நகரத்தின் சர்ச்சுகள் எல்லாம் சேர்ந்து தந்தது 13.80 டாலர். பிங்க்ரீ தனக்குப் பிரியமான குதிரையை ஏலத்தில் விற்றார். கார்னீலியஸ் கார்டனர் என்ற ராணுவ கேப்டன் பொறுப்பேற்று நிலத்தைப் பிரித்தார். சுமார் 430 ஏக்கர், 945 குடும்பங்கள், ஒரு குடும்பத்துக்குக் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர் வரை. இடம் கேட்டு வந்தவர்கள் அதைப்போல மூன்று மடங்கு. எப்படிப் பயிரிடுவது என்று மூன்று மொழிகளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இதைப் படித்த வருடம் நானும் ஊர்ப் பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தி எடுத்து உருளைக்கிழங்கு போட்டேன். விதைக்கிழங்கை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது இருக்க வேண்டும். வெட்டிய முகம் காய இரண்டு நாள் விட வேண்டும், ஈரத்தோடு புதைத்தால் அழுகிவிடும். கண் மேலே பார்க்க வைத்து மண் மூட வேண்டும். செடி ஒரு முழம் வந்ததும் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்ட இடத்தில் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிவிட்டது, சாப்பிட ஆகாது. இலைகளில் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட வண்டு உட்கார்ந்து தின்றது. தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். இத்தனைக்கும் எனக்கு அது பொழுதுபோக்கு. கிழங்கு வராவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வேன். வேலை போய், பிள்ளைகளோடு, மொழி சரியாகத் தெரியாத ஊரில், குளிர்காலத்துக்கு இதுதான் சாப்பாடு என்று அந்த மண்ணை அணைத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைகள் கேலி செய்தன. உருளைக்கிழங்கு மேயர் என்று கார்ட்டூன் போட்டார்கள். அந்த வருடம் பருவம் தாண்டித்தான் நட்டார்கள், மழையும் பொய்த்தது. அப்படியும் சுமார் 3,600 டாலர் செலவில் விளைந்ததன் மதிப்பு 12,000 டாலருக்கு மேல். உருளைக்கிழங்கோடு பீன்ஸ், முட்டைக்கோஸ், பூசணி எல்லாம் வந்தன. அடுத்த வருடம் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று பல நகரங்கள் ஆள் அனுப்பி விசாரித்துத் தாங்களும் தொடங்கின. கேலிப் பெயர் அப்புறம் பாராட்டுப் பெயராகவே நின்றுவிட்டது.

1896இல் மிச்சிகன் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் கவர்னர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் நேராக ஓட்டுப் போட்டு வருகிறவர். மேயர் பதவியையும் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார், மாநில உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. கவர்னராக அவர் எடுத்த பெரிய சண்டை ரயில் கம்பெனிகளோடு. சாதாரண வீட்டுக்காரன் சொத்து மதிப்புக்கு வரி கட்டினான். ரயில் கம்பெனிகளோ வருமானத்தில் ஒரு சிறு பங்கைக் கட்டிவிட்டுப் போயின. அவற்றின் சொத்துக்கும் மற்றவர்களைப் போலவே வரி போட வேண்டும் என்றார். மாநில செனட்டில் பத்தொன்பது பேர் ஒரு அணியாக நின்று ஒவ்வொரு தடவையும் தடுத்தார்கள். அவர் பதவி முடியும் தறுவாயில்தான் அதற்கான அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் ஏற்றார்கள். சட்டம் வந்தபோது அவர் பதவியில் இல்லை.

அவரைப் பிடிக்கும் என்பதற்காக ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அவருடைய நிர்வாகத்தில் ராணுவத் தளவாடப் பொறுப்பில் இருந்தவர்கள், புதிய சீருடைகளை வேண்டாத சரக்கென்று சொல்லி மலிவாக விற்று, அதே துணிகளை அதிக விலைக்குத் திரும்ப வாங்கியது அம்பலமானது. பதவி முடியும் நேரத்தில் அந்தக் குற்றவாளிகள் இருவருக்கு, அபராதம் கட்டச் சொல்லி, மன்னிப்புக் கொடுத்தார் பிங்க்ரீ. கல்விக் குழு அறைக்குள் போலீஸோடு போனவர் செய்த காரியம் இது. கூட இருந்தவர்களைக் கைவிடக்கூடாது என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. ஊரார் காசில் அடக்கம் கேட்டவர், தன் ஆட்களிடமும் கேட்டிருக்க வேண்டும்.

1901 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கி, ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போனார். திரும்பும் வழியில் லண்டனில் வயிற்றில் நோய் முற்றிப் படுத்தார். ஜூன் 18 அன்று அங்கேயே இறந்தார், வயது அறுபது. உடல் டெட்ராய்டுக்கு வந்தபோது பார்க்க வந்த கூட்டம் தெருக்களை நிறைத்தது. மக்கள் கொடுத்த காசில்தான் அந்தச் சிலை எழுந்தது. டிராம் முழுவதையும் நகராட்சியே எடுத்துக்கொண்டது 1922இல். அப்போது மேயராக இருந்த ஜேம்ஸ் கூசன்ஸும் ஃபோர்டு கம்பெனியில் சம்பாதித்துவிட்டு அரசியலுக்கு வந்தவர்தான்.

போன மாதம் மறுபடி கிராண்ட் சர்கஸ் பக்கம் போனேன். தோட்டத்தில் விளைந்த கிழங்கில் ஒரு பை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சிலைக்குக் கீழே நின்றேன். உட்வர்டில் இப்போது மீண்டும் டிராம் ஓடுகிறது, கியூலைன் என்று பெயர். அவர் எதிரிலேயே வந்து நின்றது. கதவு திறந்தது. கையில் பையோடு ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் ஏறினார்கள், நானும் ஏறினேன். டிக்கெட் யாரும் கேட்கவில்லை. அந்த வண்டியில் கட்டணம் கிடையாது.